உங்களுக்குத் தெரியுமா? ரிம் சிறுத்தாலும் சக்கரம் பெரிதாகலாம்

பழைய புல்லட்டின் 19 அங்குலப் பின் ரிம்மை 18 ஆக மாற்றினால் வண்டி தாழ்ந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். உயரத்தைத் தீர்மானிப்பது ரிம் மட்டுமல்ல, டயரோடு சேர்ந்த மொத்த விட்டம். 3.25-19 டயருக்கு அது கணக்குப்படி சுமார் 648 மி.மீ.; 110/90-18 டயருக்கோ சுமார் 655! அதே 3.25 அளவை 18-இல் போட்டால்தான் விட்டம் ஏறக்குறைய 4% குறைந்து, அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமே என்றால், பழைய புல்லட்டில் அதன் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது; கவலை வேண்டாம். நியாயமான ஆட்சேபம் அகலத்தைப் பற்றியதுதான்: 3.25 அங்குலம், அதாவது சுமார் 83 மி.மீ. டயர் இருந்த இடத்தில் 110 மி.மீ. டயர் செயினையோ மட்கார்டையோ உரசக்கூடும். ரிம் வாங்குமுன் அந்த இடைவெளியை அளந்துவிடுங்கள், இருவர் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும்.