பழைய பெட்டியைக் கழற்றுமுன்

சென்ற மாதம் நம் இல்லத்து இண்டர்நெட் ரௌட்டரை மாற்றினோம். பழையதன் வீச்சு பின்னறைவரை எட்டவில்லை. புதியதற்கோ நான்கு ஏரியல்கள். விலையும் நியாயமாகவே தோன்றியது. அரை மணியில் காரியம் முடிந்ததென்று பெருமிதங் கொண்டோம். பழைய பெட்டியில் செருகியிருந்த டெலிபோன் கம்பிக்கு மட்டும் புதியதில் இடமில்லை. கைபேசி ஆளுக்கொன்று இருக்க, இதில் யார் அழைக்கப் போகிறார்கள் என்று அதனைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னே வைத்தோம்.

அழைப்பவர் ஒருவர் இருந்தார். நம் அன்னையாரின் தமையனார். தஞ்சை ஜில்லாவில் தனித்து வசிப்பவர். எண்பது வயதைக் கடந்தவர். ஞாயிறுதோறும் காலையில் அந்த எண்ணுக்கே பேசுவார். வேறு எண் அவர் அறியார். அந்த ஞாயிறு மணி ஒலிக்கவில்லை. தங்கைக்கு ஏதோ நேர்ந்ததை நாம் மறைக்கிறோமென்று அஞ்சி, மறுநாள் பஸ் ஏறி உறவினர் இல்லம் சென்று, அங்கிருந்து நம்மை அழைக்கச் செய்தார். அன்னையார் இரண்டு நாள் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

ரெயில்வே ஆபீஸில் ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போனால், வருகிறவர் சாவிக்கொத்து முதல் பழைய பைல்வரை பட்டியலிட்டுச் சரிபார்த்த பிறகே சார்ஜ் எடுத்துக்கொள்வார். தினமும் இதைக் காணும் நாமே வீட்டில் அதைச் செய்யாதது வெட்கந்தான். பின்னர் அமர்ந்து பழைய பெட்டிக்கும் ஒரு சார்ஜ் பட்டியல் எழுதினோம். அன்பர்களுக்குப் பயன்படுமென்று அதனைக் கூறுகிறோம்.

பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால் பெட்டியின் உட்பக்கங்கள் திறக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியால் படமெடுத்துக்கொள்வது நலம். கம்பெனிக்காரர் அமைத்துக் கொடுத்த 'பி.பி.பி.ஓ.ஈ.' பெயர் அங்கே தெரியும். கடவுச்சொல்லோ புள்ளிகளாகவே தெரியும். ஆகவே அதனையும், 'விலான்' எண் உண்டானால் அதனையும், புதியது வாங்குமுன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது, நாம் உண்மையில் எதை உபயோகிக்கிறோம் என்பது. குழந்தைகளின் கைபேசிக்கு இரவு பத்து மணிக்குமேல் பூட்டுப் போட்டிருந்தோம். புதிய பெட்டியின் அட்டையிலும் 'பேரண்டல் கண்ட்ரோல்' என்று அச்சிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால், தளங்களைத் தடுக்கலாம். நேரக் கட்டுப்பாட்டுக்குச் சந்தா கட்டவேண்டுமாம்! பெயர் ஒன்றாயிருப்பதால் வசதியும் ஒன்றென்று நம்பலாகாது. கம்பெனிகளின் தளத்தில் கையேடு கிடைக்கும். டி.பி. லிங்க் போன்றவை சில மாடல்களின் உட்பக்கங்களையே மாதிரியாகக் காட்டுகின்றன. கடைக்குச் செல்லுமுன் அங்கே பத்து நிமிஷம் செலவிட்டால் போதும்.

அட்டையிலுள்ள எண்ணும் ஏமாற்றும். ஏ.சி. 1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டையும் கூட்டித் தோராயமாக்கிய கணக்கு. அத்தகைய மலிவான பெட்டிகள் சிலவற்றில் கம்பி செருகும் துவாரங்கள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கா. 200 மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறவருக்குப் பாதி நஷ்டம்.

வெளியூரிலிருந்து வீட்டுக் காமிராவைப் பார்க்க 'போர்ட் பார்வர்டிங்' தேடுகிறவர்கள், பழைய பெட்டியில் 'வான்' முகவரியைக் காண்க. அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பலருக்குப் பொதுவான முகவரி என்று பொருள். எத்தனை விலையுயர்ந்த ரௌட்டரும் அங்கே பயன்படாது. கம்பெனியிடம் தனி முகவரி கேட்க வேண்டும்.

வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்தால் டெலிவிஷன் முதலியவை பெரும்பாலும் தாமே இணையும். 2018-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' காவலை மட்டும் வைத்தால் பழைய கருவிகள் சில இணையா. இரண்டும் கலந்த முறையே உசிதம்.

நம் இல்லத்தில் இப்போது பழைய பெட்டியே மீண்டும் முன்னிற்கிறது. அதன் வைஃபையை அணைத்துவிட்டு, புதியதை நீண்ட கம்பியால் இணைத்து, 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் பின்னறையில் வைத்திருக்கிறோம். இம்முறையில் புதியதன் பூட்டுகள் பல வேலை செய்யாவாதலால், குழந்தைகளின் பூட்டும் பழையதிலேயே இருக்கிறது. டெலிபோன் கம்பி பழைய இடத்திற்கே போயிற்று. அடுத்த ஞாயிறு ஏழரை மணிக்கு மணி ஒலித்தது. அன்னையார் நம்மை எடுக்கவிடவில்லை.