மறைப்பு வேறு, பூட்டு வேறு

நுழையும்முன்

நம் திறன்பேசி ஒளிப்படக் கருவியாகவும் ஒளிப்படப் பேழையாகவும் விளங்குகிறது. அப்பேழையில் எல்லாரும் காணத்தக்க படங்களோடு, நமக்கும் நம்மைச் சேர்ந்த சிலருக்கும் மட்டுமே உரிய படங்களும் கலந்துள்ளன. அவற்றை மறைத்துவிட்டதாக நாம் எண்ணும்போது கருவிக்குள் உண்மையில் நிகழ்வது என்ன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருமண வீட்டில் எடுத்த படம் ஒன்றை உறவினரிடம் காட்டுவதற்காகத் திறன்பேசியை நீட்டுகிறோம். வாங்கியவர் பார்த்து மகிழ்கிறார். பிறகு அவருடைய விரல் தானாகவே அடுத்த படத்திற்கு நகர்கிறது. அது அம்மாவின் மருத்துவ அறிக்கை. அதற்கடுத்தது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம். அதற்கும் அடுத்தது என்னவென்று நமக்குத் தெரியும். திறன்பேசியை வெடுக்கென்று வாங்கவும் கூச்சமாக இருக்கிறது. அவர் கையிலேயே விடவும் அச்சமாக இருக்கிறது. அவர்மீது குற்றமில்லை. ஒளிப்பட ஆல்பத்தை ஒருவர் கையில் கொடுத்தால் அவர் பக்கங்களைப் புரட்டத்தான் செய்வார்; அந்தப் பழக்கம் இன்னும் நம் விரல்களில் இருக்கிறது.

தனிப்பட்ட படம் என்றாலே தகாத படம் என்று பொருள்கொள்வோர் உளர். அது பிழை. ஆதார் அட்டையின் படம், நோயுற்ற தாத்தாவைக் கடைசி நாள்களில் எடுத்த படம், தோழி நம்பிக்கையோடு அனுப்பிய படம், நாமே நமக்காக எடுத்துக்கொண்ட முகப்படம் ஆகிய யாவும் தனிப்பட்டவையே. அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை என்னும் மரபு உண்டு. காதலைப் பாட நம் முன்னோர் கூசவில்லை. அது இன்னாருடைய காதல் என்று ஊரறியச் செய்வதைத்தான் தவிர்த்தனர். மறைப்பதெல்லாம் குற்ற உணர்வால் அன்று என்பதற்கு அம்மரபே சான்று.

ஒரு படம், பல இருப்பிடங்கள்

ஒளிப்பட நிலையங்களுக்குச் சென்று படமெடுத்த காலத்தில் ஒரு படத்திற்கு ஒரு நெகட்டிவ் இருந்தது. அதிலிருந்து எடுத்த படிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெகட்டிவையும் படிகளையும் பெட்டியில் வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது.

திறன்பேசியில் நிலைமை வேறு. காலையில் எடுத்த ஒரு படம் மாலைக்குள் எங்கெல்லாம் சென்று சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம். கருவியின் சேமிப்பகத்தில் மூலக்கோப்பு இருக்கிறது. விரைந்து காட்டுவதற்காகக் கேலரி செயலி உருவாக்கிக்கொண்ட சிறுபடம் ஒன்று இருக்கிறது. காப்புப்படி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் கூகுள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ ஒரு படி சேர்ந்திருக்கும். அதே கணக்கைப் பயன்படுத்தும் வீட்டுக் கணினியிலும் தம்பியின் கைக்கணினியிலும் அது தோன்றும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அனுப்பிய படி நம் கருவியில் வேறொரு கோப்புறையில் கிடக்கும். பெற்றவரின் கருவியில் மற்றொன்று இருக்கும். ஆகவே, ‘படத்தை மறைத்துவிட்டேன்’ என்று ஒருவர் கூறினால், ‘எந்தப் படியை?’ என்று கேட்பதே முறை.

புள்ளி செய்யும் மாயம்

மறைத்தல் என்பதன் தொழில்நுட்ப வரலாறு சுவையானது. பெல் ஆய்வகத்தில் 1969-இல் தோன்றி 1970களில் வளர்ந்த யுனிக்ஸ் இயக்க அமைப்பில், ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்னும் இரு பெயர்கள் இருக்கும். முன்னது அக்கோப்புறையையும் பின்னது அதற்கு மேலுள்ள கோப்புறையையும் குறிக்கும். கோப்புகளின் பட்டியலில் இவ்விரண்டும் ஒவ்வொரு முறையும் தோன்றியது இடையூறாக இருந்தது. அவற்றை நீக்குவதற்காக, ‘பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் காட்டாதே’ என்று சுருக்கமாக நிரல் எழுதினர். அதன் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளுமே பட்டியலிலிருந்து மறைந்தன. எண்ணித் திட்டமிடாமல் பிறந்த வசதி இது என்பதை அவ்வாய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் பின்னாளில் எழுதியுள்ளார்.

அந்த மரபு லினக்ஸ் வழியாக ஆண்டிராய்டுக்கும் வந்து சேர்ந்தது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புறையைக் கேலரி காட்டாது. ‘நோமீடியா’ என்னும் பெயருக்கு முன் புள்ளியிட்டு வெற்றுக்கோப்பு ஒன்றை ஒரு கோப்புறைக்குள் வைத்தாலும், அங்கே படங்கள் இருப்பதைக் கேலரி பொருட்படுத்தாது. மாணவர் பலர் தாமே கண்டுபிடித்த கமுக்கம் என்று பெருமையோடு கையாளும் முறை இதுவே. ஆனால், கோப்பு மேலாண்மைச் செயலியில் ‘மறைந்த கோப்புகளைக் காட்டு’ என்னும் ஒரு தெரிவைத் தொட்டால் அனைத்தும் வெளிப்பட்டுவிடும். படம் இருந்த இடத்தில், இருந்த வடிவிலேயே இருக்கிறது. பட்டியலில் அதன் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம், அவ்வளவே. திரைச்சீலையைக் கதவு என்று நம்புவது போன்றது இது.

ஐபோனிலும் நெடுங்காலம் இதே நிலைதான். ‘மறைக்கப்பட்டவை’ என்னும் தொகுப்பைத் திறக்கக் கடவெண் எதுவும் தேவைப்படவில்லை. 2022-இல் வெளிவந்த ஐஓஎஸ் 16 தான் அத்தொகுப்பையும் ‘அண்மையில் நீக்கப்பட்டவை’ தொகுப்பையும் முக அடையாளத்தாலோ விரல்ரேகையாலோ கடவெண்ணாலோ பூட்டியது.

பூட்டு என்பது எது?

பூட்டு என்று உண்மையில் அழைக்கத்தக்கது மறைகுறியாக்கம். படக்கோப்பில் உள்ள எண்களைத் திறவுகோல் ஒன்றைக் கொண்டு கலைத்துவிடுவதே அம்முறை. திறவுகோல் இல்லாதவர் கைக்குக் கோப்பு முழுமையாகக் கிடைத்தாலும் அவர் காண்பது பொருளற்ற எண்குவியல் மட்டுமே.

எல்லாப் பெட்டகச் செயலிகளும் இதைச் செய்வதில்லை. கணிப்பான் போலத் தோற்றமளித்து, குறிப்பிட்ட எண்ணை அழுத்தினால் படங்களைத் திறந்துகாட்டும் செயலிகள் பல உலவுகின்றன. அவற்றுள் சில கோப்பின் பெயரை மாற்றிவைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. மிகப்பலர் பயன்படுத்திய பெட்டகச் செயலி ஒன்றை 2015-இல் ஆராய்ந்தபோது, அது ஒவ்வொரு படக்கோப்பிலும் முதல் 128 பைட்டுகளை மட்டுமே மாற்றியிருந்தது தெரியவந்தது. இன்றைய திறன்பேசிப் படம் ஒன்றில் பல இலட்சம் பைட்டுகள் உண்டு. அந்த 128-ஐ மாற்றப் பயன்பட்ட திறவுகோலும் ஒரே பைட்டு. 256 வாய்ப்புகளை முயன்றுபார்த்தால் படம் திறந்துவிடும். வாசற்படிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டைத் திறந்துவைத்த கதை! இத்தகைய செயலிகளுக்கு நம் படங்கள் அனைத்தையும் காணும் இசைவையும் நாமே வழங்குகிறோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கருவியை உருவாக்கியோரும் இயக்க அமைப்பை உருவாக்கியோரும் தரும் வசதிகளே ஒப்பீட்டளவில் நம்பத்தக்கவை. சாம்சங் கருவிகளில் 2017 முதல் உள்ள ‘செக்யூர் ஃபோல்டர்’, கூகுள் போட்டோஸில் 2021-இல் அறிமுகமான ‘லாக்டு ஃபோல்டர்’, 2024-இல் ஆண்டிராய்டு 15 கொணர்ந்த ‘பிரைவேட் ஸ்பேஸ்’ ஆகியன அத்தகையவை. இவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. பூட்டிய கோப்புறைக்குப் படத்தை நகர்த்துவது வேறு, படியெடுப்பது வேறு. படியெடுத்தால் மூலம் வெளியிலேயே நிற்கும். மேகச் சேமிப்பில் முன்பே சேர்ந்துவிட்ட படியும் போய்விட்டதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நன்று. லாக்டு ஃபோல்டருக்குக் காப்புப்படி வைக்காத நிலையில் செயலியை நீக்கினால் உள்ளிருக்கும் படங்களும் நீங்கிவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நல்ல பூட்டு, திறவுகோலைத் தொலைத்த உரியவரையும் உள்ளே விடாது.

இவையனைத்திற்கும் அடித்தளம் திரைப்பூட்டின் கடவெண். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே உண்டு; ஆறு இலக்கமாக்கினால் 10 இலட்சம். எனினும் பிறந்தநாளைக் கடவெண்ணாக வைப்போருக்கு இக்கணக்கு உதவாது. வீட்டில் அனைவரும் அறிந்த கடவெண்ணையே உள்ளறைக்கும் வைத்தால் உள்ளறை எதற்கு?

அழித்தால் போய்விடுமா?

நீக்கிய படம் உடனே அழிவதில்லை. ஐபோனில் 30 நாள்கள் வரையிலும், கூகுள் போட்டோஸில் காப்புப்படி உள்ள படமாயின் 60 நாள்கள் வரையிலும் அது நீக்கியவற்றின் தொகுப்பில் காத்திருக்கும். தவறுதலாக நீக்கியோருக்கு இது வரம்; மறந்தோருக்கு இடர். 2024 மே மாதம் வெளியான ஐஓஎஸ் 17.5-ஐ நிறுவிய சிலருடைய கருவிகளில், என்றோ நீக்கிய பழைய படங்கள் மீண்டும் தோன்றின. படத் தரவுத்தளத்தில் நேர்ந்த சிதைவே காரணம் என்று ஆப்பிள் நிறுவனம் விளக்கி, அடுத்த பதிப்பில் அதைச் சரிசெய்தது. அழித்தல் என்பதும் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதில்தான் தொடங்குகிறது என்பதை அந்நிகழ்வு பலருக்கு உணர்த்தியது.

பிறர் கருவிக்குச் சென்றுவிட்ட படி நம் அழிப்புக்குக் கட்டுப்படாது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் காணத்தக்கவாறு அனுப்பும் வசதி 2021-இல் வந்தது. திரைப்பிடிப்பை அது தடுக்கிறது. ஆயினும் இன்னொரு திறன்பேசியை எதிரே பிடித்துப் படமெடுப்பதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது.

படம் பேசும் மற்றொன்று

சில வேளைகளில் படத்தைக் காட்டிலும் அதனுள் பொதிந்த குறிப்புகள் மிகுதியாகப் பேசிவிடுகின்றன. எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், இருப்பிட வசதி இயங்கினால் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியன கோப்பிலேயே பதிவாகும். 2012 டிசம்பரில், தேடப்பட்டுவந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியைச் சந்தித்த இதழாளர்கள் ஒரு படத்தை இணையத்தில் வெளியிட்டனர். அவர் இருக்குமிடத்தை அவர்கள் எழுதவில்லை. ஆனால் ஐபோனில் எடுத்த அப்படத்தின் குறிப்புகள், அவர் குவாத்தமாலா நாட்டில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. படத்தைப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இக்குறிப்புகளை நீக்கிவிடுகிறது; ஆவணமாக அனுப்பினால் அவை உடன்செல்லும்.

திறவுகோலை நாமே கொடுப்பது

2014-இல் அமெரிக்கத் திரைக்கலைஞர் பலரின் தனிப்பட்ட படங்கள் இணையத்தில் பரவியபோது, ஐகிளவுடின் பூட்டையே உடைத்துவிட்டனர் என்று பலரும் எண்ணினர். பின்னர் நடந்த வழக்குகளில் தெரியவந்தது வேறு. ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் அனுப்பியவை போன்ற மின்னஞ்சல்களை அனுப்பிக் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தனர். உரியவர்களும் நம்பிக் கொடுத்திருந்தனர். இவ்வழியில் குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகளிலும் 72 ஜிமெயில் கணக்குகளிலும் நுழைந்த ஒருவருக்கு 2016-இல் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. கடவுச்சொல்லுடன் மற்றொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இதற்கு ஏற்ற தடை. அதற்குரிய குறியெண்ணையும் எவரிடமும் சொல்லாதிருக்கும் வரையில்தான்.

பழுதுபார்க்கும் கடையில், ‘கடவெண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள்’ என்று கேட்பதும் இவ்வகையே. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். கடையில் அவர் மட்டும் இருப்பதில்லை. சாம்சங்கின் புதிய கருவிகள் பலவற்றில் 2022 முதல் பராமரிப்பு நிலை என்னும் வசதி உள்ளது. அதை இயக்கிக் கொடுத்தால் கருவியைச் சோதிக்கலாம், படங்களைக் காண இயலாது. திருமண வீட்டுச் சிக்கலுக்கும் தீர்வு உண்டு. ஆண்டிராய்டில் செயலியைத் திரையில் பொருத்துதல், ஐபோனில் வழிகாட்டு அணுகல் ஆகியவை திறந்த செயலியை விட்டு வெளியேற விடாமல் தடுக்கும். வழிகாட்டு அணுகலில் தொடுதலையே நிறுத்திவைக்கலாம் என்பதால் விரல் அடுத்த படத்திற்கு நகராது.

எல்லாம் மீறிப் போனால்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியை அவரது இசைவின்றிப் படமெடுப்பதும் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 18 வயது நிரம்பாதவரைப் பாலியல் நோக்கில் காட்டும் படத்தை வேறொருவருக்கு அனுப்பிவைப்பவரும் அதே சட்டத்தின்படி குற்றவாளியாவார். தனக்கு வந்ததை முன்னனுப்பியதாகக் கூறித் தப்ப இயலாது.

படத்தைக் காட்டி ஒருவர் மிரட்டினால் பணம் கொடுப்பதாலோ இன்னொரு படம் அனுப்புவதாலோ மிரட்டல் நிற்பதில்லை. மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும், நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்வதும் இன்றியமையாதவை. சொல்லவந்த பிள்ளையிடம், ‘நீ ஏன் படம் எடுத்தாய்?’ என்று முதலில் கேட்கும் பெரியவர்களால்தான் பல புகார்கள் காவல் நிலையத்தை எட்டுவதில்லை என்பது என் எண்ணம். குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண்ணும், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் குறிப்பிடாமலும் தெரிவிக்கத்தக்க தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் உள்ளன.

18 வயதுக்குட்பட்ட காலத்தில் எடுத்த அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க, ‘டேக் இட் டவுன்’ என்னும் கட்டணமில்லாச் சேவை 2023 முதல் இயங்கிவருகிறது. படத்தை எவரிடமும் காட்ட வேண்டியதில்லை. படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்முத்திரையை நம் கருவியிலேயே அது கணக்கிடுகிறது. அந்த எண் மட்டுமே வெளியே செல்கிறது. எண்ணைக் கொண்டு படத்தை மீட்டுருவாக்க முடியாது. பங்கேற்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்கள், தம்மிடம் வரும் படத்தின் முத்திரை அவ்வெண்ணோடு பொருந்தினால் அப்படத்தை நீக்குகின்றன. படத்தை வெட்டியோ திருத்தியோ பதிவேற்றினால் முத்திரை மாறிவிடும். அப்போது மாறிய படிக்கும் தனியே முத்திரை பதிய வேண்டும்.