கடுக்காயும் படிகாரமும் செய்யும் வேலை

கடுக்காய், படிகாரம், வெல்லம் மூன்றும் நம் புளியங்குடிக் கடைகளில் அன்றாடம் நிறுத்துக் கொடுக்கும் சரக்குகள். இவற்றைக் கொண்டே ஆந்திராவில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் மர அச்சுக் கலம்காரித் துணி தயாராகிறது. 1611ல் ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைக்க இத்தகைய துணி வியாபாரமும் ஒரு காரணம்.

முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்துவர். இரும்புத் துருவும் வெல்லமும் பல நாள் ஊறிய நீரை அச்சில் தொட்டுப் பதித்தால், கடுக்காயுடன் சேர்ந்து கறுப்பாகும். படிகார நீர் பதித்த இடம், மஞ்சிட்டிச் சாயத்தில் காய்ச்சும்போது சிவக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு வேண்டும். அதைத் தேக்குக் கட்டையில் செதுக்குபவர் வேறு, பதிப்பவர் வேறு. ஜப்பானில் மரப்பலகை கொண்டு தாளில் படம் அச்சிடுவதிலும் இதே முறைதான். அங்கே வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் எல்லோருக்கும் முதல் போட்டு விற்றவர் ஒரு வியாபாரியே.

இன்று ஸ்கிரீன் பிரிண்டிங் துணியும் கலம்காரி என்ற பெயரிலேயே விலை போகிறது. கையால் பதித்ததில் அச்சு சேரும் இடத்தில் சிறு பிசகு தெரியும். அது குறையல்ல, அடையாளம். ஜவுளி வைத்திருக்கும் அன்பர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லி விற்க வேண்டுகிறோம். பெயரை மாற்றி விற்பது எடையைக் குறைத்து நிறுப்பதற்குச் சமம். அதில் அச்சு செதுக்கியவரின் கூலியும் போகிறது.