தண்டவாளத்தோரக் காவற்பெட்டிகள்

புகையிரதப் பாதையின் ஓரத்தே ஆங்காங்கு நிற்கும் உலோகப் பெட்டிகளை நாம் யாவரும் கண்டிருப்போம். யன்னலோரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் சிறுவர்கூட அவற்றை இரண்டாம்முறை நோக்குவதில்லை. ஆயினும், வண்டியிற் செல்லும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அப்பெட்டிகளுள் இருக்கும் கருவிகளை நம்பியே இருக்கின்றது. சமிக்ஞை விளக்குகளையும், பாதைமாற்றும் பொறிகளையும், கடவைப் படலைகளையும் ஆளுவன அவையே.

அக்கருவிகளுள் எளிமையும் பெருமையும் வாய்ந்தது, 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் றொபின்சன் என்பார் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்றாகும். இரு தண்டவாளங்களின் வழியே ஓடும் சிறு மின்னோட்டம், ரிலே என்னும் காந்தச் சாவியை இழுத்துப் பிடித்திருக்கும். அதுவரை வழி திறந்திருக்கும். வண்டி வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கு வழியிற் திருப்பிவிடும், ரிலே விடுபடும், சிவப்பு விளக்கு எரியும். கம்பி அறுந்தாலும், மின்கலம் ஓய்ந்தாலும் எரிவது சிவப்பே. பழுதுற்றால் "நில்" என்று கூறுவதே இத்துறையின் தலையாய அறம்.

இவ்வறத்தைக் குலைக்கவல்ல பகை ஈரமாகும். ஒன்றையொன்று தொடலாகாத இரு முனைகளிடையே நீர் படர்ந்தால், மின்சாரம் தகாத வழியிற் பாயும். விடுபடவேண்டிய ரிலே விடுபடாது நிற்கவுங்கூடும். ஆதலின் பெட்டிகளின் காப்புத் திறனை அளக்க அனைத்துலக விதியொன்று உண்டு. 'ஐ.பி. 67' என்பதில் 6 என்பது தூசு சிறிதும் புகாமையைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கேடு விளைக்கும் அளவு நீர் புகாமையைக் குறிக்கும்.

இறுக மூடிவிட்டாற் போதுமோ? போதாது. பகல் வெயிலில் உட்காற்று விரிந்து வெளியேறும். இரவிற் சுருங்கும்போது பெட்டி ஈரக்காற்றை உள்ளிழுக்கும். விடியலில் உட்சுவரில் நீர் துளிர்க்கும். இதனைத் தவிர்க்கவே அடியில் வடிதுளையும், உள்ளே சிறு சூடேற்றியும் அமைக்கின்றனர். மழைநீர் வழிந்து இறங்காதவாறு கம்பிவடங்களைக் கீழிருந்தே நுழைக்கின்றனர்.

மழையைத் தடுக்கும் பெட்டி, கம்பிவழி வரும் இடியை முற்றாகத் தடுக்கமாட்டாது. 2011ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி சீனாவின் வென்சூ நகரருகே நிகழ்ந்தது இதற்குச் சான்று. மின்னல் தாக்கியதால் நிலையக் கட்டுப்பாட்டுக் கருவியின் உருகி எரிந்துபோயிற்று. கருவியோ, பழுதுறுமுன் தான் அறிந்த செய்தியையே மீண்டும் மீண்டும் கூறிற்று. வண்டி நின்ற பாதைக்குப் பச்சை விளக்குக் காட்டிற்று. பின்வந்த வண்டி மோத, 40 பேர் மாண்டனர். கருவியின் அமைப்பிற் பெருங்குறை இருந்ததென்று அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை கூறிற்று.

எனவே காவல் இரண்டு வேண்டும். இயற்கையை வெளியே நிறுத்தும் பெட்டி ஒன்று. அதனையும் மீறி இயற்கை புகுந்தால் "நில்" என்று கூறும் கருவி மற்றொன்று. கதவின் ரப்பர்ப் பட்டி தேய்ந்ததா என்று பார்த்து மாற்றும் தொழிலாளியின் கை இவ்விரண்டுக்கும் துணை. அறியாதபோது அறியேன் என்று சொல்லும் நேர்மை மனிதர்க்கு மட்டுமன்று, பொறிகளுக்கும் வேண்டுமென்பதை மாணவர் மனங்கொள்வாராக.