அடையாறு வெள்ளக் கணக்கு: கடலை மறந்துட்டா என்ன ஆகும்?

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் வெளியேறியது. சென்னைவாசிகள் பலருக்கு அந்த எண் இன்னும் மனப்பாடம். சரி, அதை மட்டும் வைத்து சைதாப்பேட்டையில் ஒரு தெருவுக்குள் எத்தனை அடி தண்ணீர் வரும்னு சொல்லிவிட முடியுமா?

முடியாது. அதற்குத்தான் கம்ப்யூட்டர் மாடல்கள். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், வேகம் எல்லாம் சாஃப்ட்வேரே போட்டுவிடும். ஆனால் ஆற்றின் இரண்டு முனைகளிலும் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்லணும். இதுதான் 'எல்லை நிபந்தனை'.

மேல் முனையில், மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கொடுக்க வேண்டும். ஏரி திறப்பு மட்டும் போதாது. ஆதனூர் பக்கம் இருந்து வரும் வெள்ளமும் அடையாற்றில்தான் சேர்கிறது.

கீழ் முனை கடல். அதன் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது, தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். புயல் வந்தால் இன்னும் எகிறும். வெள்ளம் வந்து சேரும் நேரமும் கடல் ஏறும் நேரமும் ஒன்றாகிவிட்டால், ஆறு வடிய வழியில்லாமல் தேங்கும். 'சராசரி கடல் மட்டம்' என்று ஒரே எண்ணைப் போட்டால், அந்த மோசமான இரவு மாடலில் வரவே வராது.

இதில் மணலும் ஒரு பெரிய தலைவலி. உடைந்த பாலம் பக்கம் போனவர்கள் முகத்துவார மணல்திட்டைப் பார்த்திருப்பீர்கள். கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைக்கும், பெருவெள்ளம் அதை அறுத்துக்கொண்டு போகும். இதையும் கணக்கில் எடுக்க வேண்டுமானால், மேலே இருந்து எவ்வளவு மணல், எந்தப் பருமனில் வருகிறது என்றும் சொல்லணும். டேட்டா இல்லை என்று பூஜ்யம் போட்டால் மாடலில் வெறும் தண்ணீர் வந்து படுகையை அரித்துக்கொண்டே இருக்கும். ஆறு ஆழமாகிறது, வெள்ளம் குறைகிறது என்று திரை காட்டும். பார்க்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்!

அடுத்தது 'தொடக்க நிபந்தனை'. கணக்கு ஆரம்பிக்கும்போது 24 அடி ஏரியில் 18 அடி தண்ணீர் இருந்ததா, 22 அடியா? மண் காய்ந்திருந்ததா, ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததா? அதே மழைதான், ஆனால் விடை வேறு.

ஆற்றின் தொடக்க நீர்மட்டத்தில் கொஞ்சம் தப்பு இருந்தால் பரவாயில்லை. மாடலைச் சில மணிநேரம் முன்கூட்டியே ஓடவிட்டால் அது சரியாகிவிடும். படுகை அப்படியில்லை. எப்போதோ அளந்த முகத்துவாரத்தை வைத்து இந்த மழைக்குக் கணக்குப் போட்டால், அந்தத் தப்பு கடைசி வரை கூடவே வரும்.