ஒரு சொட்டு இரத்தம் குழந்தையின் அறிவைக் காக்கும்!

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. 1934-ம் ஆண்டு. பொர்க்னி எகலாண்டு என்ற தாய் தன் இரண்டு குழந்தைகளையும் ஒரு டாக்டரிடம் காட்டினார். மூத்தவள் லிவ், ஆறு வயது தாண்டியவள். இளையவன் டாக், நான்கு வயதுப் பையன். சிறுமிக்குச் சில வார்த்தைகளுக்கு மேல் பேச வராது. பையனுக்கோ நடக்கவும் தெரியாது, தானாகச் சாப்பிடவும் தெரியாது.

பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போல நன்றாகத்தான் இருந்தார்கள். மாதங்கள் செல்லச் செல்லத்தான் மூளை வளர்ச்சி நின்றுபோனது. தாய் ஏறாத மருத்துவமனை இல்லை. யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தத் தாய் ஒன்றைக் கவனித்திருந்தார். இரண்டு குழந்தைகளின் சிறுநீரிலும் எலி வாடை போன்ற ஒரு நாற்றம் வீசியது. இதற்கும் குழந்தைகளின் நிலைக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். பார்த்த டாக்டர்களிடம் எல்லாம் அதைக் கேட்டார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் போட்டுக்கொண்டார். அவர் பெயர் டாக்டர் அஸ்பியோன் பொலிங்.

சிறுநீரில் பச்சை நிறம்

பொலிங் டாக்டர் மட்டுமல்ல, இரசாயனமும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் சில சொட்டு பெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்நாளில் வழக்கமாகச் செய்யும் சோதனை அது. சிறுநீர் சிவக்கலாம், அல்லது மருந்தின் பழுப்பு நிறமே நிற்கலாம். இங்கே நிறம் கரும்பச்சையாக மாறியது! சில நிமிடங்களில் மறைந்தும் போனது.

ஏதாவது மருந்தினால் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, ஒரு வாரம் எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் பச்சைதான். தாய் கொண்டுவந்து கொடுத்த சிறுநீர் ஏறக்குறைய 20 லிட்டர். அதைச் சுத்திகரித்துப் பிரித்து, பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார். அது பினைல் பைருவிக் அமிலம் என்ற இரசாயனம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. மூளை வளர்ச்சி குன்றியோர் விடுதிகளுக்குச் சென்று 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது. மூளை வளர்ச்சிக் குறைவுக்கு உடம்பின் இரசாயனமே காரணமாக இருக்கலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று. இந்த நோய்க்குப் பிற்பாடு வைத்த பெயர் பினைல்கீட்டோன்யூரியா. சுருக்கமாக பி.கே.யு.

நடப்பது என்ன?

பால், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி என்று நாம் சாப்பிடும் புரத உணவு எல்லாவற்றிலும் பினைல் அலனின் என்ற சத்து உண்டு. உடம்புக்குத் தேவையான அளவு போக மிஞ்சுவதை ஈரலில் உள்ள ஒரு நொதி வேறு பொருளாக மாற்றி அனுப்பிவிடும்.

பி.கே.யு. உள்ள குழந்தையிடம் அந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை. முன்னால் பாதை அடைபட்டால் சரக்கு வண்டிகள் யார்டில் வந்து வந்து தேங்குவதைப் போல, பினைல் அலனின் இரத்தத்தில் தேங்குகிறது. வளரும் மூளைக்கு அது நஞ்சு. தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே சேதமும் தொடங்கிவிடுகிறது. ஆனால் வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். தெரியும்போது காலம் கடந்துவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் 1938-ல் நோபல் பரிசு பெற்றவர். 1920-ல் பிறந்த அவருடைய மகளுக்கும் இந்த நோய்தான். காரணம் தெரியாமல் எத்தனையோ டாக்டர்களிடம் அவர் அலைந்தார். மகளைப் பராமரிக்கும் செலவுக்காகவும் அவர் எழுத வேண்டியிருந்தது. நோயின் பெயர் தெரிவதற்குள் மகள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்.

ஆய்வுக்கூட வாசலில் ஒரு தாய்

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து? அதற்கும் ஒரு தாயின் பிடிவாதம்தான் வழி திறந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு பி.கே.யு. இருப்பதை டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கல் கண்டறிந்தார். குழந்தைக்கு நிற்கத் தெரியாது. நாள் முழுதும் அழுதுகொண்டு தலையை முட்டிக்கொள்ளும். இதற்குச் சிகிச்சை இல்லை என்று டாக்டர் சொன்ன பதிலைத் தாய் ஏற்கவில்லை. காலைதோறும் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

வேறு வழியின்றி பிக்கலும் அவருடைய சகாக்களும் யோசித்தார்கள். பால் புரதத்திலிருந்து பினைல் அலனினை மட்டும் நீக்கி ஓர் உணவு தயாரித்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நிற்கக் கற்றது. அழுகையும் தலையை முட்டிக்கொள்வதும் நின்றன.

உணவினால்தான் இந்த மாற்றமா என்று உறுதி செய்ய, தாய்க்குச் சொல்லாமல் உணவில் பினைல் அலனினைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் பழைய அழுகை திரும்பியது. பிறகு தாயின் சம்மதத்துடன் மருத்துவமனையிலேயே வைத்து மறுபடியும் செய்து காட்டினார்கள். 1953-ல் இதன் விவரம் வெளியாயிற்று. உலகமே வியந்தது. ஆனால் முதல் இரண்டு வருடங்களில் மூளைக்கு ஏற்பட்ட சேதம் முழுவதும் நீங்கவில்லை.

ஆகவே அடுத்த கேள்வி எழுந்தது. நோய் தலைகாட்டும் முன்பே, பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒரு தகப்பனின் உழைப்பு

அமெரிக்காவில் பபலோ நகரில் ராபர்ட் கத்ரி என்ற விஞ்ஞானி புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தார். அவர் மகன் ஒருவன் மூளை வளர்ச்சி குன்றியவன். காரணம் தெரியவில்லை. 1958-ல் அவருடைய மனைவி வழியில் உறவான ஒரு குழந்தைக்கு பி.கே.யு. இருப்பது தெரியவந்தது. அப்போது அதற்கு வயது 15 மாதம். காலம் கடந்துவிட்டிருந்தது.

கத்ரி இந்தப் பணியிலேயே முழுமூச்சாக இறங்கினார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஒற்றி எடுத்தார். காய்ந்த தாளில் சிறு வட்டமாக வெட்டி, பாக்டீரியா கலந்த தட்டில் வைத்தார். இரத்தத்தில் பினைல் அலனின் அதிகம் இருந்தால் அதைச் சுற்றி பாக்டீரியா வளையமாக வளரும். அவ்வளவுதான் சோதனை! தாளைத் தபாலில்கூட அனுப்பலாம்.

சுமார் 4 லட்சம் குழந்தைகளைச் சோதித்ததில் 39 குழந்தைகளுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. பிற மாநிலங்களும் நாடுகளும் பின்தொடர்ந்தன. இந்தக் கண்டுபிடிப்புக்காகத் தனக்கென்று ராயல்டி எதுவும் கத்ரி வாங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று அதே ஒரு சொட்டில் பல பிறவி நோய்களை இயந்திரம் சோதித்துவிடுகிறது. முதல் வாரங்களிலேயே தனி உணவு தொடங்கிய பி.கே.யு. குழந்தைகள் மற்றவர்களைப் போலப் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். உணவுக் கட்டுப்பாடு மட்டும் ஆயுள் முழுவதும் வேண்டும். செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் சேர்த்த குளிர்பான டப்பாவில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அது இவர்களுக்காகத்தான்.

யார் மீதும் குற்றம் இல்லை

இது பாவத்தின் பலனும் அல்ல, கிரகணத்தின் வேலையும் அல்ல. மரபணுவில் உள்ள பிழை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரட்டையாக வருகிறது. பிழையுள்ளது ஒன்றுதான் என்றால் நோய் வராது. இரு பக்கத்திலிருந்தும் பிழையுள்ளதே வந்தால்தான் நோய். எனவே பெற்றோர் இருவரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பார்கள். மருமகளை மட்டும் பழிப்பது அநியாயம். பாதிப் பங்கு மகனிடமிருந்தும் வந்ததாகும்.

அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு தடவையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இங்கேதான் நம்மவர்கள் யோசிக்க வேண்டும். மாமனும் அக்காள் மகளும் சராசரியாக மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே இப்படி ஒரு குழந்தை இருந்தால், முறைப் பெண்ணைப் பேசி முடிப்பதற்கு முன் மரபணு ஆலோசனை தரும் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கர்நாடகத்தில் 1980-களில் பெங்களூர் விஞ்ஞானிகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பி.கே.யு. உள்பட இவ்வகைப் பிறவி நோய்கள் இங்கும் இருப்பது தெரிந்தது. பெற்றோர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதும் தெரிந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் பி.கே.யு. அபூர்வம். அதைவிட அதிகம் காணப்படுவது பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவு. இது எப்போதும் பரம்பரையாக வருவதல்ல. ஆனால் கவனிக்காவிட்டால் இதுவும் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். பல நகரங்களில் நடத்திய அரசு ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருப்பது தெரிந்தது. சிகிச்சை என்ன? நாள்தோறும் ஒரு சிறிய மாத்திரை. பொடி செய்து தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்துவிடலாம். விலையும் குறைவு. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

எல்லா மூளை வளர்ச்சிக் குறைவையும் இப்படித் தடுத்துவிட முடியாது. 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமின் காரணம் 1959-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை நீக்கும் மருந்து இல்லை. அக்குழந்தைகளுக்குப் பயிற்சியும் பள்ளியும் அன்பும்தான் துணை. ஊருக்கு அழைத்துப் போகும்போது, துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுத்திறன் குறைந்தவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும், உரிய சான்றிதழ் இருந்தால், ஸ்லீப்பர் வகுப்பில் ரெயில்வே 75 சதவீதக் கட்டணச் சலுகை தருகிறது. இதைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

எல்லா மாநிலங்களிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகால் சோதனை செய்தே தீர வேண்டும் என்ற நிலை இன்னும் வரவில்லை. கேட்டால் செய்யும் மருத்துவமனைகள் உண்டு. கேட்காவிட்டால் விட்டுப்போகும். குழந்தை பால் குடித்து, 48 மணி நேரம் கடந்த பிறகு, 72 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறந்தது.

தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்கள் பலர். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, பிறந்த நேரம் என்ன என்று கேட்கிறார்கள். ஜாதகம் கணிக்க நேரம் வேண்டும்தான். கூடவே, குதிகாலில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்களா என்றும் மாமியாரிடம் கேட்டுவிட வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், வீட்டுக்கு அழைத்துப் போகும் முன் டாக்டரிடம் சொல்லி எடுக்கச் செய்ய வேண்டும்.

லிவ்வுக்கும் டாக்குக்கும் தாயின் கேள்வியால் பலன் கிட்டவில்லை. அவர்களுக்குப் பின்னால் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கிட்டியது.