"சாம்பாரில் உப்பே இல்லை!" போலீஸ் நிலையத்துக்கு வந்த மாமியார்: மருமகள் மேல் பழி போடாதீர்!

திருப்பூர்,

"சாம்பார்ல உப்பே போடறதில்லீங்க. என்னைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறா!"

இப்படி மருமகள் மீது புகார் சொல்ல போலீஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார், ஒரு மூதாட்டி. வயது 70-க்கு மேல் இருக்கும். திருட்டு வழக்கு ஒன்றின் விவரம் கேட்க நான் அங்கே போயிருந்தேன்.

பின்னாலேயே மருமகள் ஓடி வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்.

"எல்லாருக்கும் அதே சாம்பார்தானுங்க. அத்தைக்கு மட்டும் ஆறு மாசமா எதைப் போட்டாலும் சப்புனு இருக்குதாம். மிட்டாயை மட்டும் ஒளிச்சு வெச்சுத் திங்கறாங்க" என்று அழுதார்.

ஏட்டு சமாதானம் பேசி அனுப்பினார். வாசலில் மூதாட்டி மருமகளைப் பார்த்து, "நீ யாரூட்டுப் புள்ளை அம்மணி?" என்றார். ஏட்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்குதான் காரணம்

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில ருசிகள்தான் நாக்குக்குத் தெரியும். பெருங்காயமும் கொத்தமல்லியும் மூக்கு கண்டுபிடிப்பவை. சளி பிடித்தால் சோறு சப்பென்று இருக்கிறதே, அதனால்தான்!

வயதானால் எல்லாருக்கும் மோப்பம் கொஞ்சம் மங்கும். ஆனால் 'அல்சைமர்' என்ற மறதி நோயில், மறதி வெளியே தெரியும் முன்பே மோப்பம் போவது உண்டு. மூளையில் மோப்பமும் ஞாபகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. நோய் முதலில் அந்தத் தெருவில்தான் நுழைகிறது.

மூளையின் முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் சுருங்கும் வேறு ஒரு நோய் உண்டு. இது 50, 60 வயதிலேயே வரலாம். திடீரென்று இனிப்பு மேல் வெறி வரும். ஒரே பண்டத்தைத் தினமும் கேட்பார்கள். வயிறு நிறைந்தது தெரியாமல் தின்பார்கள்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

பயப்படவும் வேண்டாம்

ருசி கெட்டவர்களுக்கெல்லாம் மூளைக் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல் செட், வாய் வறட்சி, புகையிலை, சாப்பிடும் மாத்திரை எதுவும் காரணமாகலாம். பி-12 சத்து குறைந்தால் நாக்கு வழவழப்பாகி எரியும், ருசி போகும், ஞாபகமும் தடுமாறும். சர்க்கரைக்கு 'மெட்பார்மின்' மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இது வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே பெரும்பாலும் சரியாகும். "கிழடுன்னா அப்படித்தான்" என்று விட்டால்தான் கெடுதல்.

ருசி இல்லையென்று உப்பை அள்ளிப் போட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். அதுவும் மூளைக்குத்தான் கேடு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மோப்பம் போனவருக்கு ஊசிப்போன குழம்பும் தெரியாது, கேஸ் கசிவதும் தெரியாது. மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருக்கும் பெரியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

தாராபுரம் ரோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் உண்டு.

இதையெல்லாம் அந்த மருமகளிடம் சொன்னேன். "ஒரு ஷிப்டு போயிடுமேங்க" என்றார். நாலு அடி நடந்தவர் திரும்பி வந்து, "காலைல எத்தனை மணிக்குங்க சீட்டுக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.